புழு வைத்த வரி

பட்டனைத் தட்டியதும் நர்சரி முழுவதும் திரைக்கு வந்துவிட்டது.

ரோஜா, பெரணி, கற்றாழை, கொய்யா, செடிக்கு ஓர் இணையப் பக்கம். பெயர் பெரிய எழுத்தில், தண்ணீர் ஊற்றும் முறை பச்சைக் கட்டத்தில், செய்யக் கூடாதது சிவப்பில். நேற்றுவரை இவையெல்லாம் நாத்தனார் தன் போனில் ஒற்றை விரலால் தட்டி வைத்த வெறும் குறிப்புகள்.

நாத்தனார் என்றால் புருஷனுக்கு அக்கா, இந்த நர்சரிக்கு முதலாளி.

திரைக்கு முன்னால் இருந்த தம்பி பெண்டாட்டி நாற்காலியிலேயே ஒரு சுற்றுச் சுற்றினாள். ஆபீஸ் வேலை போக மிச்ச நேரத்தில் எழுதிய சின்ன புரோகிராம், முதல் தடவையே சொன்ன பேச்சைக் கேட்டுவிட்டது. அந்த வீட்டில் வேறு யாரும் அவள் பேச்சை அப்படிக் கேட்டதில்லை.

குறிகளை இரண்டு பேரும் சேர்ந்துதான் முடிவு செய்தார்கள். வரி நட்சத்திரத்தில் தொடங்கினால் தலைப்பு. கூட்டல் குறி என்றால் தண்ணீர். ஆச்சரியக்குறி என்றால் எச்சரிக்கை. நெளிந்த கோடு ஒன்றும் இருந்தது. அதற்கு நாத்தனார் வைத்த பெயர் புழு.

புழு வைத்த வரி கடையோடு இருக்க வேண்டும், இணையப் பக்கத்தில் வரவே கூடாது. புரோகிராம் அதைத் தாண்டிப் போகட்டும், நீயும் தாண்டிப் போ, படிக்காதே என்று கறாராகச் சொல்லியிருந்தாள் நாத்தனார்.

அவளும் படிக்கவில்லை. சோதித்துப் பார்த்ததெல்லாம் தானே எழுதிய பொய்ச் செடிகளை வைத்துத்தான். குறிப்புகளைத் திறக்காமலே புரோகிராமிடம் கொடுத்திருந்தாள். நாத்தனார் நம்பி அவள் கையில் கொடுத்த முதல் பொருள் அது.

எலுமிச்சைப் பக்கத்துக்கு வந்தாள். தலைப்பு இருந்தது. பச்சைக் கட்டம் இருந்தது. அதற்குக் கீழே, எந்தக் கட்டத்திலும் சேராமல் ஒரு வரி.

'தண்ணீரைக் குறைக்கச் சொன்னது தம்பி பெண்டாட்டி. அவள் சொன்னதுதான் சரி.'

மறுபடி படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் படித்தாள்.

கல்யாணமாகி வந்த புதிதில் எலுமிச்சைக் கன்றுகளெல்லாம் இலை மஞ்சளாகி நின்றன. தண்ணீர் போதவில்லை என்றாள் நாத்தனார். தண்ணீர்தான் அதிகம் என்று இவள் வாயைத் திறந்துவிட்டாள். பிறந்த வீட்டு மாடியில் ஓர் எலுமிச்சையைத் தண்ணீர் ஊற்றியே கொன்ற அனுபவம் அவளுக்கு இருந்தது. செடிக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று வேலையாட்கள் முன்னால் நாத்தனார் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து அவளுக்குப் பெயரே கம்ப்யூட்டர்.

கன்றுகள் பிழைத்துக்கொண்டன. எப்படிப் பிழைத்தன என்று யாரும் பேசவில்லை. 'நீ சொன்னது சரி' என்ற ஒரு வார்த்தைக்கு அவள் எப்படி ஏங்கினாள் என்பது புருஷனுக்குக்கூடத் தெரியாது.

இப்போது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எழுந்து குதிக்க வேண்டும்போல இருந்தது.

அப்புறம்தான் உறைத்தது.

இது புழு வரி. வேறு என்னவாக இருக்க முடியும்? நாத்தனார் குறி வைக்க மறந்திருப்பாளோ? நாத்தனாராவது, மறப்பதாவது. புரோகிராம்தான் எங்கேயோ கோட்டை விட்டிருக்கிறது. அந்த மகராசி யாருக்கும் தெரியாமல் ஒளித்து வைத்ததை இவள் கடைத்தெருவில் கொண்டுவந்து வைத்துவிட்டாள். போதாததற்கு, பக்கம் வந்ததோ இல்லையோ, புருஷன் சொந்தக்காரர் ஒருத்தர் விடாமல் எல்லாருக்கும் அதன் இணைப்பை அனுப்பிவிட்டான்.

மற்றப் பக்கங்களை ஓட்டிப் பார்த்தாள். இப்படி அநாமத்தாக ஒரு வரி வேறெங்கும் இல்லை. புரோகிராமைச் சல்லடை போட்டுச் சலித்தாள். ஒரு பிழையும் அகப்படவில்லை. மறுபடி ஓட்டினாள். அந்த வரி சட்டமாக அங்கேயே உட்கார்ந்திருந்தது.

குறிப்பைத் திறந்தால் தெரிந்துவிடும். விரல் அதன் மேல் போய் நின்றது, ஆனால் தட்டவில்லை.

பக்கத்தில் அந்த வரியை மட்டும் தூக்கிவிட்டுக் கமுக்கமாக இருந்துவிடலாம். ஆனால் இதற்குள் படித்துவிட்ட பெரியம்மா யாராவது நாத்தனாரைக் கூப்பிட்டுக் கேட்டால்? திருட்டுத்தனமாகப் படித்தவள் என்று பெயர் வரும். இனி ஒரு குறிப்பையும் கண்ணில் காட்டமாட்டாள். அதெல்லாம்கூடப் பரவாயில்லை. இனிமேல் இப்படி ஒரு வரியை எழுதவே மாட்டாள். அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

எழுந்து வெளியே போனாள்.

பச்சை வலைக் கூரைக்குக் கீழே நாத்தனார் தொட்டிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். தம்பி பெண்டாட்டி வந்து நிற்பது தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தாள்.

"அக்கா, ஒரு தப்பு நடந்துபோச்சு. புழு வெச்ச வரி ஒண்ணு வெளியில வந்துடுச்சு. நான் வேணும்னு படிக்கல."

எந்தச் செடி என்று சொல்ல வாய் வரவில்லை.

நாத்தனார் திரும்பவில்லை. குழாயின் வாயைக் கட்டைவிரலால் அழுத்தித் தண்ணீரைத் தூரத்துத் தொட்டிக்கு எட்டவிட்டாள்.

"எலுமிச்சையா? அதுல புழுவை நேத்து நான்தான் எடுத்தேன்."

சொல்லிவிட்டுக் குழாயை இழுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள். செருப்புக்குள் தண்ணீர் ஏறியதுகூடத் தெரியாமல், வாயெல்லாம் பல்லாக அவள் அங்கேயே நின்றாள்.