கந்தசாமி வீட்டு ஒன்பது நிமிடம்

“அந்தப் பிரீத்தியை இப்பவே குரூப்ல இருந்து தூக்குறேன் பாருங்க!” கார் சாவியை மேசையில் வீசினாள் ஹபீஸா. “கூடப் பொறந்தவ மாதிரி வச்சிருந்தேன் மச்சான். முதுகுல குத்திட்டா.”

அல்தாப் லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்தான். வீட்டிலிருந்தே சாஃப்ட்வேர் வேலை என்பதால், மனைவி வரும் நேரத்துக்கு டீ போட்டு வைப்பது அவன் பொறுப்பு.

“என்ன ஆச்சு?”

“தினம் ஆறு வீடு போயிட்டிருந்தேன்ல? இன்னைலருந்து எட்டு வீடாம். சம்பளம் மட்டும் அதே சம்பளம்!”

ஹபீஸா அமெரிக்காவில் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ். நிலையான சம்பளக்காரி என்று சொல்லி அவளுக்கு ஓவர்டைம் கிடையாது என்று வைத்திருந்தார்கள். வீடு திரும்பிச் சமையலை முடித்துவிட்டு இரண்டு மணி நேரம் ரிப்போர்ட் எழுதுவாள். அது கம்பெனிக்கு அவள் செய்யும் தர்மம்.

பொறுத்துப் பார்த்து அலுத்துப்போய், ஹபீஸா, பிரீத்தி உட்பட ஐந்து நர்ஸ்கள் வாட்ஸ்அப் குரூப் வைத்துக்கொண்டு, சேர்ந்து புகார் கொடுக்க முடிவு செய்திருந்தார்கள். ஆதாரத்துக்காக ஹபீஸா இரண்டு மாதமாக ஒவ்வொரு வீட்டிலும் எதற்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று டைரியில் எழுதி வந்தாள். அதை வக்கீலுக்காக ஒழுங்காக டைப் செய்து கொடுத்தவன் அல்தாப்.

கல்யாணமாகி ஆறு வருடத்தில் அவள் வேலையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை அவன். இப்போதோ, “சுகர் பார்க்க எவ்ளோ நேரம்? பேச்சுக்கு எவ்ளோ? பார்க்கிங் தேட எவ்ளோ?” என்று பிரித்துப் பிரித்துக் கேட்டான். ஹபீஸா உருகிப்போனாள். போன மாதம் அவன் ஆபீஸில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியும் அவன் வேலை தப்பியதற்கு, நன்றியாக மூன்று நோன்பு வைத்தாள்.

“புதுசா ஒரு ஆப் போட்டிருக்காங்க. கந்தசாமி அங்கிள் வீட்டுக்கு நாப்பத்தஞ்சு நிமிஷம் இருந்துச்சு. அதை முப்பத்தொண்ணா வெட்டிடுச்சு. பேச்சு ஒன்பது, காபி அஞ்சு, ரெண்டும் வேஸ்டாம்!” நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “தனியா கிடக்கிற மனுஷன். அவர் காபி தம்ளரை நீட்டுறப்ப கை நடுங்குறதைப் பார்த்துத்தான் ரெண்டு தடவை சுகர் இறங்கினதைக் கண்டுபிடிச்சேன். அது வேஸ்டா?”

“கம்ப்யூட்டர் ஏதோ எஸ்டிமேட் பண்ணியிருக்கும், விடு.”

“எஸ்டிமேட்டா? ஓக் ட்ரீ ரோடு பேஷண்ட் வீட்டுக்குப் போனா, சேலைக்கடைக்குப் பின்னாடி பார்க் பண்ணுங்கன்னு சொல்லுது! நானே அலைஞ்சு கண்டுபிடிச்ச இடம் அது. டைரியில மட்டும்தான் எழுதி வச்சேன். கார் ரிப்பேர்னு பிரீத்தி ஒரு வாரம் என்கூட வந்தா, டைரியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தா. வேற யாரு குடுத்திருப்பா?”

அல்தாப் டீயை அவள் பக்கம் நகர்த்தினான். “அவசரப்படாத. அந்தப் பொண்ணு பாவம்.”

“பாவமா? புகாரே வேணாம்னு மத்த மூணு பேரும் இப்பவே பயப்படுறாங்க. ரெண்டு மாச உழைப்பு மண்ணாப் போச்சு!”

டீயைத் தொடாமல் ஹபீஸா போனை எடுத்தாள். ‘டைரியைக் கம்பெனிக்குக் கொடுத்தது பிரீத்தி’ என்று குரூப்பில் போட்டாள். கையோடு பிரீத்தியின் பெயரையும் நீக்கினாள்.

அரை மணி நேரத்தில் வாசல் மணி அடித்தது. யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் பிரீத்தி நின்றிருந்தாள். காரிலேயே நன்றாக அழுதுவிட்டு வந்திருக்கிறாள் என்று முகம் சொன்னது.

“என் போனைப் பாருங்கக்கா. உங்களுக்கு எட்டு, எனக்கு ஒன்பது வீடு. என் கிரீன் கார்டு பேப்பர் கம்பெனி கையில இருக்கு, முடியாதுன்னு சொல்லக்கூட வழியில்ல. காட்டிக் குடுத்தவளுக்கு ஒன்பது வீடா குடுப்பாங்க?”

ஹபீஸா வாங்கிப் பார்த்தாள். ஒன்பதுதான்.

“நான் உங்க கார்ல வந்தது நீங்க டைரி எழுத ஆரம்பிச்ச முதல் வாரம். போன மாசம் சேர்ந்த பேஷண்ட் வீட்டு நிமிஷம்கூட இந்த ஆப்ல இருக்கு. அது எனக்கு எப்படிக்கா தெரியும்?”

ஹபீஸாவுக்கு அவமானமாக இருந்தது. ஒரு பாவமும் அறியாதவளை எல்லோருக்கும் முன்னால் துரோகி ஆக்கிவிட்டாளே! பிரீத்தியின் கையைப் பிடித்து உள்ளே இழுத்து உட்கார வைத்தாள்.

“அந்த ஆப்பை எழுதினவன் நல்லா இருப்பானா? அவன் பொண்டாட்டி ஒருநாள் எட்டு வீடு ஏறி இறங்கினாத்தான் அவனுக்குப் புத்தி வரும்!”

“சத்தியமா நான் இல்லக்கா” என்றாள் பிரீத்தி மறுபடியும். “நீங்க நம்பலைன்னா எனக்கு இந்த ஊர்ல யாருமே இல்ல.”

ஹபீஸாவுக்கு நம்ப ஆசைதான். ஆனால் டைரி தானாக நடந்து போயிருக்காதே என்று ஒரு மூலையில் உறுத்தியது. கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

“நீங்களே சொல்லுங்க மச்சான். இவளை நான் நம்பட்டுமா?”

அல்தாப் மூடிய லேப்டாப்பின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

“நம்பு ஹபீஸா. அந்த ஆப் நான் எழுதினது.”