வாங்கம்மா, உக்காருங்க

கிட்டே வந்து உட்காருங்கள், என் கண்ணுகளா. ஒரு சேலையை மடித்து வைக்கிற நேரம் போதும் இந்தக் கதைக்கு.

அவன் தலை நிமிரவில்லை.

ஆடித் தள்ளுபடிக் கூட்டம். ஜவுளிக்கடை மாடியில் வெள்ளை விரிப்பின்மேல் முழங்கால் உயரத்துக்குச் சேலைக் குவியல். அவன் கை மடித்துக்கொண்டே இருந்தது. எதிரே நிழல் விழுந்ததும், இருபது வருஷப் பழக்கத்தில் வாய் தானாகத் திறந்தது.

“வாங்கம்மா, உக்காருங்க. என்ன பாக்குறீங்க? தண்ணி குடிக்கிறீங்களா?”

நிழல் உட்கார்ந்தது, ஸ்டூலின் நுனியில்.

நிமிர்ந்தான்.

அவன் பெண்சாதி. மடியில் தூக்குச்சட்டி.

காலையில் குழம்பு கொதிக்கக் கொஞ்சம் தாமதம். “ஏ மூதேவி, ஒன்னக் கட்டுனதுக்கு ஒரு எருமயக் கட்டிருக்கலாம்” என்று சொல்லிவிட்டு, சோறு எடுக்காமலே பஸ் ஏறியிருந்தான். புதுச் சொல் ஒன்றும் இல்லை. கல்யாணமான மறுமாசத்திலிருந்து வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். கோமதி என்ற பெயர் ரேஷன் கார்டில் இருந்தது.

அந்தச் சோற்றைத்தான் இரண்டு பஸ் மாறிக் கொண்டுவந்திருக்கிறாள்.

கை பாதி மடிப்பில் நின்றது.

“மதினி, வந்தது வந்தீங்க, அண்ணன் செலவுல ஒரு பட்டு எடுத்துட்டுப் போங்க!” பக்கத்து கவுண்ட்டர் இசக்கி சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. புருஷனையே பார்த்தாள்.

“ஒங்களுக்கு இப்படியும் பேச வருமா?”

குத்தலாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பான்.

அவள் நிஜமாகவே கேட்டாள்.

தூக்குச்சட்டியின் அடியைத் தன் முந்தானையால் துடைத்து, விரிப்பின் ஓரத்தில் வைத்தாள். கடைச் சேலையில் கறை பட்டுவிடக் கூடாதே. எழுந்தாள். படி இறங்கத் தொடங்கினாள்.

அவன் பாதி மடித்த சேலையைக் கீழே போட்டான். குவியலைத் தாண்டி ஓடி, மேல்படியில் நின்றான். யார் யாருக்கோ தினம் நூறு தடவை சொல்கிற வார்த்தைதான். இன்றைக்கு நாக்கை விட்டு எழும்ப மாட்டேன் என்றது.

“பாத்து... பாத்துப் போயிட்டு வாங்கம்மா.”

அவள் நின்றாள்.

திரும்பிப் பார்க்கவில்லை. சுவரோரம் ஒதுங்கி நின்றாள், பின்னால் இறங்கி வரும் யாரோ வாடிக்கைக்காரிக்கு வழி விட்டு.

படியில் வேறு யாரும் இல்லை.

அவ்வளவுதான், கண்ணுகளா. உங்கள் வீட்டு அடுப்பு ஆறாமல் எரியட்டும். உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் குரல் அந்த வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.