அதே வரிசையில் ஓர் அறை

கணினி நிரலை ஓட்டாமலே படித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் சோதகர் ஒருவர் இருந்தார். அவர் சரி என்றால்தான் நிரல் ஓடும். நினைவகத்தில் ஓர் அறையின் முகவரியை வைத்திருந்த சுட்டி, அவர் முன்னால் வந்து நின்றாள்.

“உன் அறை காலியாகியிருக்கலாம். காலி அறையைத் தேடிப் போனால் நிரல் பிழையாகிவிடும். நிரலை ஓட விட முடியாது.”

“என் அறையை யாரும் காலி செய்யலையே, ஐயா.”

“அந்த வரிசையில் ஓர் அறை காலியாகியிருக்கிறது.”

“அது பக்கத்து அறை.”

“எனக்கு அந்த வரிசை முழுக்க ஒரே பெயர்தான். ஒவ்வோர் அறைக்கும் தனிப் பெயர் வைத்தால் வேலை முடியுமா?”

“ஒருத்தி கிளம்பிப் போனால் மற்றவர்களும் போனதாகத்தான் கணக்கா?”

“எச்சரிக்கையாக இருப்பது தப்பா, அம்மா?”

“தப்பில்லை. நீங்களும் நினைவகத்தில்தானே குடியிருக்கிறீர்கள், எந்த வரிசையில்?”

சோதகர் தயங்கினார். “அதே வரிசைதான். ஆனால் என் அறையில் நான் இருக்கிறேனே.”

“என் அறையிலும் சாமான் அப்படியே இருக்கு. வந்து பாருங்கள்.”

“போய்ப் பார்ப்பது என் வேலையில்லை.”

சோதகர் நேர்மையானவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, தன் அறையும் காலியாகியிருக்கலாம் என்று எழுதினார். பிறகு அந்த அறையிலேயே நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, அடுத்த சுட்டியைக் கூப்பிட்டார்.