குழி வாயில் ஒரு வெள்ளைக்காய்

கேரம் போர்டில் வெள்ளைக்கு ஒரே காய்தான் பாக்கி. கறுப்புக்கும் ஒன்றுதான். வெள்ளைக்காய் குழியின் வாயிலேயே உட்கார்ந்திருந்தது. முதலில் ரெட் விழுந்து, ஃபாலோவாகத் தானும் விழுந்துவிட்டால் கோப்பை வெள்ளைக்கு என்று அது கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

"ஸ்ட்ரைக்கர் அண்ணே, ரெட் நேராத்தான் இருக்கு. பூ மாதிரி ஒரு தட்டு தட்டுங்க, போதும்."

"தட்டுறதா? நான் என்ன மாவா சலிக்கிறேன்? மூணு ஓரக்கட்டையிலயும் இடிச்சுட்டு வர்றேன் பாரு."

"அதுக்குத்தான் அண்ணன் வேணும்கிறது," என்று ரெட் தூபம் போட்டது.

டமார், டமார், டமார். ரெட் குழியில் விழுந்தது. வெள்ளைப் பக்கம் நின்ற கூட்டம் கூரை பறக்கக் கத்தியது. அந்த ஜோரில் ஸ்ட்ரைக்கரும் பின்னாலேயே போய்த் தொப்பென்று விழுந்தது.

ஃபவுல். ரெட் திரும்ப நடுவுக்கே வந்து, "சும்மா எட்டிப் பார்த்துட்டு வந்தேன்," என்றது.

அடுத்த கை கறுப்புக்கு. இரண்டு பக்கத்துக்கும் பொதுவான அதே ஸ்ட்ரைக்கர் பூனை மாதிரி நடந்துபோய் ரெட்டைத் தட்டியது, கறுப்பைத் தட்டியது. ஆட்டம் முடிந்தது.

வெள்ளைக்காய்க்கு அழுகையே வந்துவிட்டது. "அவங்களுக்கு மட்டும் எப்படிண்ணே இவ்வளவு பதவிசா ஆடுனீங்க?"

"அந்தப் பக்கம் கைதட்ட ஒரு ஆள்கூட இல்லையே தம்பி," என்றது ஸ்ட்ரைக்கர்.