கண் தெரியாத அந்தோனியார்

ஜெபக்கூடத்துப் பாஸ்டர் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகள் பக்கம் வருவதைக் கண்டதும் றோசலின் வாசல் மாடத்து மெழுகுதிரியை அவசரமாக ஊதி அணைத்தாள். நேற்றுத்தான் மனுஷன், "விக்கிரகத்தக் கும்பிடுறவங்களுக்கு நரகந்தான்!" என்று அக்கரப்பத்தனையே அதிர மைக்கில் கத்தியிருந்தார்.

வந்தவர் மாடத்திலிருந்த அந்தோனியார் சிலையையே முறைத்தார்.

"சகோதரி, இந்தப் பொம்மைக்குக் கண்ணு தெரியுமா?"

"அவரு எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தாங்க இருக்காரு."

"லயத்து ஆளுங்களும் அப்படித்தான் நம்புறாங்களா?"

"இந்துக் கோயிலுக்குப் போறவங்ககூட இவரு முன்னால தப்புத் தண்டா பண்ண மாட்டாங்க, பாஸ்டர்."

பாஸ்டர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அப்படின்னா ஒரு மாசத்துக்கு இவரக் குடு தங்கச்சி. ஜெபக்கூடத்துச் சுவத்துல வேதவசனம் எழுதிப் பாத்துட்டேன். அதுக்கு மேலயே ஒண்ணுக்கு அடிக்கிறானுங்க!"