ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

அந்நிய நாட்டு முகாமில், ஞாயிறு காலைக் கஞ்சிக்குப் பிறகு தொண்டர்கள் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து மலேரியா மாத்திரை போடுவார்கள். ஒருவர் விழுங்கிவிட்டு வாயைத் திறக்க, மற்றவர் பார்க்க வேண்டும். செசிலிக்கு ஜோடி அவள் கணவர் சேவியர். "ஆ காட்டு... அடேயப்பா, குகை மாதிரில்ல இருக்கு!" என்று எல்லோருக்கும் கேட்கக் கத்துவார். ஒரு வாரம்கூடத் தவறாமல் மாத்திரை போட்டும், அவரைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. முகாமில் அவளை ஊருக்குத் திரும்பச் சொன்னார்கள். அவரை இந்த மண்ணில் தனியாக விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனம் வரவில்லை.

இந்த ஞாயிறு அவள் எதிரே யாருமில்லை. கிணறு வெட்டும் குழுவின் ஞானவேல் எழுந்து வந்தான்.

"நான் பாக்குறேன்க்கா."

மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டு தண்ணீரைக் குடித்தாள். வாயைத் திறந்தாள். துக்கத்தில் இருப்பவளை உற்றுப் பார்க்க அவனுக்குக் கூச்சம். பட்டும் படாமலும் பார்த்துவிட்டு, "சரிக்கா, போட்டுட்டீங்க" என்று எழுந்தான்.

மாத்திரை கரையத் தொடங்கி வாயெல்லாம் கசந்தது. அவன் நான்கடி போனதும் செசிலி கூப்பிட்டாள்.

"தம்பி, இதெல்லாம் ஒரு பார்வையா? அவரா இருந்தா நாக்கைத் தூக்கச் சொல்லுவாரு. நீங்களும் சொல்லுங்க."