மூன்று மணி நேரப் பேட்டி

வாழ்க்கைக் கதை கேட்டுப் போடும் அந்த யூடியூப் சேனலில் யார் அழுதாலும் மறுநாளே ஆர்டர் குவிகிறது என்று ஆரணி முழுக்கப் பேச்சு. தறிக்காரன் ஜெகநாதன் வீட்டிலோ பதினொரு பட்டுப்புடவைகள் விலைபோகாமல் கிடந்தன.

பேட்டி எடுக்க வந்த காவ்யாவிடம் பிறந்தது, பள்ளிக்கூடத்தை விட்டது, தறியில் இறங்கியது எல்லாவற்றையும் சொன்னான். மூன்றாவது மணி நேரத்தில் அவள் கொட்டாவி விட்டாள்.

ஜெகநாதன் குரலைத் தாழ்த்தினான். "என் சம்சாரம் போயி மூணு வருசம் ஆவுது மேடம்."

காவ்யா நிமிர்ந்தாள். "எப்படிண்ணா?"

"மாரடைப்பு. பக்கத்துல உக்காந்து புடவைக் கரைக்குத் தறி நாடா தள்ளிகினு இருந்தா. அப்படியே தறி மேல சாஞ்சிட்டா. அப்புறம் அந்தப் பக்கம் நான் ஆளே வெக்கல."

கேமராக்காரர் மூக்கை உறிஞ்சினார்.

"அவங்க போட்டோ இருக்காண்ணா?"

சுவரில் மல்லிகை மாலையோடு தொங்கிய படத்தைக் காட்டினான். கிட்டே போய்ப் பார்த்த காவ்யா திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"அண்ணா, இவங்களைப் போன மாசந்தான் வேலூர் கண்காட்சியில பேட்டி எடுத்தோம்! புருஷன் செத்துட்டார்னு அழுதாங்க. கொண்டாந்த புடவையெல்லாம் அன்னிக்கே வித்துப்போச்சு."

ஜெகநாதனுக்குப் பதினொரு புடவையும் மறந்துபோனது.

"நான் எதுல செத்தேனாம்?"

"குடிச்சுக் குடிச்சு, ஈரல் கெட்டு."

"அடிப்பாவி! நான் பீடிகூடத் தொட்டதில்ல மேடம். களம்பூர் அம்மா வீட்லேந்து வரட்டும் அவ! நான் அவளுக்குக் கௌரவமா மாரடைப்புதானே குடுத்தேன்!"